உப்புத்தண்ணீர் எலிகள்

இருபத்து நான்கு எலிகள்.
பன்னிரண்டுக்கு நைட்ரோகிளிசரின்,
பன்னிரண்டுக்கு வெறும் உப்புத்தண்ணீர்.
ஒருநாள் விட்டு ஒருநாள், ஐந்து ஊசி.

மார்பு இறுகும்போது அப்பா
நாக்கடியில் ஒதுக்கிய மாத்திரைக்கு
இந்த மருந்து நெருங்கிய சொந்தம்.
அவருக்கு நெஞ்சைத் திறந்துவிட்டது.
இவற்றுக்குத் தலையைப் பிளக்கிறது.
பிளக்கிறது என்று நாங்கள் எழுதிக்கொள்கிறோம்.
ஒற்றைத் தலைவலி என்கிறோம்,
எந்தப் பக்கம் என்று
எந்த எலியிடமும் கேட்டதில்லை.

முகத்துக்கு மதிப்பெண் உண்டு.
கண் இடுங்கினால் ஒன்று,
மூடியே கிடந்தால் இரண்டு.
மூக்குமேடு தட்டையா, காது வெளியே திரும்பியதா,
மீசை விறைத்ததா.
நான் குனிந்து குறித்துக்கொண்டிருக்க,
உமியை மாற்றிக்கொண்டே சொரிமுத்து சொல்வார்:
"பதினேழாம் நம்பருக்கு இன்னைக்கு சொகமில்ல, பாத்துக்கிடுங்க."
பதினேழு, உப்புத்தண்ணீர்க் கூட்டம்.
படிவத்தில் அவர் பேச்சுக்குக் கட்டம் இல்லை.

ஐந்தாம் ஊசி விஜயதசமியன்று,
மறுநாள் காலை ரத்தம்.
அட்டவணை போட்டவர் சென்னைக்காரர்.
பாளையங்கோட்டையில் அன்றிரவு
யார் தூங்குவார்கள் என்று அவருக்குத் தெரியாது.

சப்பரங்கள் ஒன்றன்பின் ஒன்றாய்.
செண்டை, நையாண்டி, ஜெனரேட்டர் வண்டி,
சீரியல் பல்பில் எரியும் அம்மன்.
விலங்குக்கூடத்தின் ஜன்னல் கண்ணாடி
ஒவ்வொரு வேட்டுக்கும் பல் கடித்திருக்க வேண்டும்.
நான் பார்க்கவில்லை.
சமாதானபுரத்து வாடகை அறையில் கிடந்தேன்.
முதலில் பார்வையின் ஓரத்தில்
கதிர் அரிவாளின் பல்வரிசையாய் ஓர் ஒளி,
வளைந்து, மினுங்கி,
சுவர்க் கடிகாரத்தின் பாதியை அறுத்துத் தின்றது.
பிறகு வலது கண்ணுக்குப் பின்னால் அது வந்தது.
வாளியை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு
ஈரத்துண்டால் நெற்றியை இறுக்கிக் கட்டி
மேளம் தெருமுனை தாண்டக் காத்திருந்தேன்.
தாண்டியது. அடுத்தது வந்தது.

காலையில் வாலிலிருந்து ரத்தம்.
சுற்றி இறக்கினால் மேலே தெளிந்து நிற்பது
பழைய பதநீர் நிறம்.
தொண்ணூற்றாறு குழிகள்.
அமிலம் பட்டதும் நீலம் மஞ்சளாக மாறும்,
மஞ்சள் அடர்ந்தால் அழற்சி.
மருந்து வரிசை அடர்ந்தது, சரி.
உப்புத்தண்ணீர் வரிசை வெளுத்திருக்க வேண்டும்.

வெளுக்கவில்லை.
இன்டர்லூக்கின் ஆறு, டி.என்.எஃப், சி.ஆர்.பி,
எதிலும் இவர் அவர் என்று பிரிக்க முடியவில்லை.
பி மதிப்பு பூஜ்யம் புள்ளி ஏழு ஒன்று.

"கன்ட்ரோல் கெட்டுப்போச்சு,"
போனில் டாக்டர் ஜெயசெல்வி.
"எல்லாத்தையும் முடிச்சிட்டுப் புதுசா ஆரம்பி."
முடிப்பதற்கு நோட்டில்
சாக்ரிஃபைஸ் என்றுதான் எழுத வேண்டும்.
எழுதினேன். இருபத்து நான்கு முறை.
பதினேழில் மட்டும் பேனா நின்றது, பிறகு எழுதியது.

தட்டின் கடைசி வரிசையில் ஒரு குழி மிச்சம்.
என் ரத்தம் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது.
கிட் எலிக்கானது.
என்னை அதற்கு அடையாளம் தெரியாது.

ஐந்து ஊசிக்கு ஒன்பது நாள் வேண்டும்.
நாட்காட்டியைப் புரட்டுகிறேன்:
மேலப்பாளையத்தில் கந்தூரி,
தேவாலயத்தில் அசனம்,
அப்புறம் கார்த்திகை, கிறிஸ்துமஸ், பொங்கல்,
சித்திரையில் தெருவுக்குத் தெரு கொடை.
சத்தமில்லாத ஒன்பது நாள்.

சொரிமுத்து காலிக் கூண்டுகளை வெயிலில் கவிழ்த்துகிறார்.
"மேடம், கண்ணு இன்னும் இடுங்கியே இருக்கு ஒங்களுக்கு."
ஒன்றா இரண்டா என்று
நான் கேட்கவில்லை.